மேற்கணக்கு நிறுத்தம்

பஸ் நிற்கவில்லை. தேவகுமாரி கையை நீட்டிப் பார்த்தாள், மகாராணி முந்தானையைக்கூட ஆட்டிக் காட்டினாள். ஓட்டுநர் நல்லசாமி ஆரனை ஓர் அழுத்து அழுத்திவிட்டு வளைவில் திரும்பிப் போயே போய்விட்டார். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சாலையோரம் நிற்பது அவர் கண்ணில் படவில்லையாம். கேட்டால் மூடுபனி என்பார். பெரும்பாறைக்கு மேலே பாதி வருஷம் மூடுபனிதான். அதற்காக அங்கே குடியிருக்கிற சனமெல்லாம் கரைந்தா போய்விட்டது?

"நடப்போம் வா புள்ள," என்றாள் மகாராணி. தேவகுமாரிக்கு அவள் அண்ணி. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடந்தான். அண்ணிக்கு ரத்தம் குறைவு, வாரம் தவறாமல் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அடுத்த நிறுத்தமான பெரும்பாறைக்குப் பல வளைவுகள் கீழே இறங்க வேண்டும். இரண்டாவது வளைவிலேயே மகாராணிக்குக் கண் இருட்டிவிட்டது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, "என்னால ஏலாது," என்றாள். தேவகுமாரி அவள் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டு, போன பஸ்ஸை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை.

அவர்கள் குடியிருப்புக்கு மேற்கணக்கு என்று பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் மேல் பிரிவை அப்படித்தான் சொல்வார்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டு வந்தவர்கள், கொண்டுவர வேறு அதிகம் இல்லாததால், அந்தப் பெயரையாவது கொண்டுவந்து இந்த மலையில் வைத்தார்கள். ஆனால் பஸ்காரர்களுக்கு அது 'சிலோன் லைன்'. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே ஓட்டுப் போடுகிற தேவகுமாரிக்கும் அதே முகவரிதான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊர்த் தலைவர் பொன்னுவேல் மனு கொடுக்காத அலுவலகம் இல்லை. நெடுஞ்சாலை அலுவலகத்தில், பஸ் நிற்காத இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது என்றார்கள். பஸ் டிப்போவில், பலகை இல்லாத இடத்தில் பஸ் நிற்காது என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பொன்னுவேலுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள்.

"அப்ப பலகைய நாமளே வச்சுப்புடுவோம்," என்றாள் தேவகுமாரி.

அவள் வாய்ச்சவடால் அடிக்கிறவள் இல்லை. வத்தலக்குண்டு பஸ் நிலையத்துக்கு எதிரே அப்துல் குத்தூஸ் நடத்திய டி.டி.பி. கடையில் அவளுக்கு வேலை. முன்பக்கம் கல்யாணப் பத்திரிகை, பின்பக்கம் நாலு கம்ப்யூட்டர் போட்ட பிரவுசிங் சென்டர். வந்த புதிதில் அவளுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது. கூட்டம் இல்லாத நேரத்தில் இணையத்தில் துழாவித் துழாவி எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் எடுபடும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு விடலாம், காசு கொடுக்காமல் எங்கே நல்ல எழுத்துரு கிடைக்கும், வெறும் நோட்பேடில் எப்படி ஒரு வலைப்பக்கம் எழுதலாம் என்று அத்தனையும் ஆங்கிலத்தில்தான் கிடந்தன. ஒவ்வொரு வரிக்கும் அகராதியைப் புரட்டி, அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தான் பட்டது போதும் என்று இலவச இணைய இடம் ஒன்றைப் பிடித்து, 'கைக்குக் கிடைத்தவை' என்று ஒரு பக்கம் போட்டாள். நல்ல நல்ல சுட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் விளக்கம், பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி அச்சுத்தகடு செய்வது போன்ற கைவேலைகள் எல்லாம் அதில் இருந்தன. யார் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. குத்தூஸ் மட்டும், "இந்தச் சோலிக்கு யாரும்மா கூலி தர்றது?" என்று சிரிப்பார்.

முதல் பலகையை அவள் பாடத்தில் படித்தபடியே செய்தாள். வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து, சுற்றிலும் கறுப்பு வரம்பு. பளிச்சென்றுதான் இருந்தது. நட்டுவிட்டு வந்து அண்ணியிடம் பெருமையடித்துக்கொண்டாள். மறுநாள் பார்த்தால் பலகைக்கு ஒரு மாலை. அதற்கு மறுநாள் பார்த்தால் பலகை ஓடையில் குப்புறக் கிடந்தது.

மாலை போட்டவர்களும் ஓடையில் வீசியவர்களும் அதைக் கட்சிக் கொடி என்றே நினைத்திருந்தார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். உலகத்து நிறப் பாடத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவளுக்கு அது தோன்றவே இல்லை. தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"நீலம் அடிச்சா?" என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டாள்.

"அது ஒரு கட்சி," என்றார் பொன்னுவேல்.

"பச்சை?"

"அது ரெண்டு கட்சி."

"முழுச் சிவப்பு?"

"தோட்டத்து யூனியன். தொரைமாரு சும்மா விடுவாங்களா? காவிக் கலரப் பத்திக் கேக்கவே கேக்காத."

"வானவில்லயே பங்கு போட்டு எடுத்துக்கிட்டாங்களா? நமக்குன்னு ஒரு கலரு மிச்சம் வைக்கலயா?" என்று கத்தினாள் தேவகுமாரி. கூட்டம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகாராணி அடுத்த வாரமும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் வெளிறிப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில்தான் மண்டையில் உறைத்தது. பெரும்பாறையில் சர்க்கார் பலகை நின்றது. மஞ்சள் தகரம், கறுப்பு எழுத்து, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்த கம்பம். எத்தனை தேர்தல் வந்து போயிருக்கும், ஒருத்தன் அதன்மேல் கை வைத்ததில்லை. மூடுபனியிலும் அந்த மஞ்சள் தனியாகத் தெரிந்தது. எல்லா நிறத்துக்கும் சொந்தக்காரன் இருக்கிறான் என்றால், எவனும் எதிர்க்கப் பயப்படுகிற சொந்தக்காரனின் நிறத்தை எடுத்துக்கொண்டால் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் போனாள். பெரும்பாறைப் பலகைமேல் செய்தித்தாளை ஒட்டிக் கரித்துண்டால் தேய்த்து, 'ம'வையும் 'ற'வையும் அப்படியே படியெடுத்தாள். தாண்டிக்குடிப் பலகையில் 'ண', 'க', 'கு' கிடைத்தன. 'மே'வுக்கு வேண்டிய நெட்டைக் கொம்பு மட்டும் எந்தப் பலகையிலும் அகப்படவில்லை. அதன் சுழியைத் தானே கம்ப்யூட்டரில் வரைந்து, மற்ற எழுத்தின் தடிமனுக்கு இழைத்துச் சேர்த்தாள். எக்ஸ்ரே பிலிமில் வெட்டினாள். குத்தூஸ் கடையின் பழைய தகரத்தில் மஞ்சள் எனாமல் அடித்து, காயவைத்து, அச்சுவழியாகக் கறுப்பை ஒற்றினாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கம்பத்துக்குக் குழி தோண்டினார்கள்.

"ஏம்மா, சர்க்கார் எழுத்த நகல் எடுக்கிறது கேசு ஆயிடாதா?" என்று குத்தூஸ் பயந்தார்.

"தமிழ் எழுத்து யாருக்கு பாய் சொந்தம்? ஊரு பேர ஊருக்காரி எழுதுனா கேசா?"

அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை காலை பஸ் வந்தது. பலகையைப் பார்த்த நல்லசாமி பிரேக்கை மிதித்தார். யோசித்து மிதித்ததுபோல் தெரியவில்லை, கால் தானாகப் போயிருக்க வேண்டும். கண்டக்டர் தலையை நீட்டி, பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "மேக்கணக்கு! எறங்குறவங்க எறங்கு, ஏறுறவங்க வெரசா ஏறு!" என்று கூவினார்.

இறங்க யாரும் இல்லை. ஏறின பெண்களுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. மகாராணி ஜன்னலோரம் உட்கார்ந்து, "நம்ம ஊரு பேரச் சொல்றான் புள்ள," என்றாள். தேவகுமாரிக்கோ சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. ஒரு தகரத்துக்குக் கிடைக்கிற மரியாதை இத்தனை வருஷம் மனுஷிக்குக் கிடைக்கவில்லையே!

அந்த ஆத்திரத்தோடு கடைக்குப் போனவள், மற்ற பலகைகளையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்து, அகப்படாத எழுத்துகளைத் தானே வரைந்து, முழு எழுத்து வரிசையையும் சில வாரங்களில் முடித்தாள். எழுத்து வெட்டும் அச்சு, மஞ்சளின் கலவை, பலகையின் அளவு, கம்பத்தின் உயரம் எல்லாவற்றையும் 'உங்கள் ஊருக்குப் பலகை' என்ற தலைப்பில் தன் பக்கத்தில் போட்டாள். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினாள்.

மகாராணிக்கு ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய நேரத்தில், ஒரு நாள் வெள்ளனே, பஸ் வருவதற்குச் சற்று முன்னால், பலகையருகே ஒரு ஜீப் வந்து நின்றது. சாலைப் பொறியாளர் இறங்கினார். கூடவே கடப்பாறையோடு இரண்டு ஆட்கள்.

"இத யாரு வச்சது?"

பொன்னுவேல் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார், கேட்டால் சர்க்கார் வைத்தது என்று சொல்லுங்கள் என்று. பெண்கள் அதையே ஒரே குரலில் சொன்னார்கள். பொறியாளர் பலகையைத் தடவிப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. "எழுத்து எங்க எழுத்துதான். பெயிண்டும் எங்க பெயிண்டுதான். ஆனா ரெக்கார்டுல இல்லயே," என்று தலையைச் சொறிந்தார்.

பேசாமல் இருந்திருந்தால் அவர் போயிருக்கவும் கூடும். ஆனால் தன் கைவேலையை யாருடையதோ என்று சொல்வதைத் தேவகுமாரியால் தாங்க முடியவில்லை. "நான்தான் வச்சேன்," என்றாள். பொன்னுவேல் தலையில் கை வைத்தார்.

"நீதானா? அப்ப மத்ததும் உன் வேலதானா?"

"எது மத்தது?"

"நடிக்காதம்மா. இந்த மலையில மட்டும் நாலு பலகை. கொடைக்கானல் ரோட்டுல மூணு. எங்க ஆபீசுக்கே தெரியாத ஊரெல்லாம் ரோட்டோரத்துல வந்து நிக்கிது. பஸ்ஸும் நிக்கிது! எல்லாத்துலயும் ஒரே எழுத்து. ஆபீசு பையன்தான் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்தக் காட்டுனான். அதுவும் உன்னோடதுதானா?"

தேவகுமாரிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் பக்கத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள். பார்த்து, எக்ஸ்ரே பிலிமை வெட்டி, மஞ்சள் கலந்து, அவள் வரைந்த கொம்பைத் தங்கள் ஊர்ப் பெயருக்கு வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்கு அடக்க முடியாத சந்தோஷம் வந்தது.

"அந்தப் பக்கத்த இன்னைக்கே அழிச்சிரு. இல்லன்னா போலீசுக்கு எழுதுவேன்."

"எழுதுங்க சார். அழிக்க மாட்டேன். நீங்க வச்சிருந்தா நாங்க ஏன் செய்யப் போறோம்?"

பொறியாளர் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். கடப்பாறை இரண்டு முறை நெம்பியதும் கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்தது. பலகையை ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சாலையோரத்தில் குழி மட்டும் இருந்தது. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே எங்கோ பஸ் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. மகாராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொருத்தியாக எல்லாப் பெண்களும் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். தேவகுமாரி கையை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள்.

பஸ் வந்தது. குழிக்கு நேராக நின்றது.

"மேக்கணக்கு!" என்றார் கண்டக்டர், வழக்கம்போல.

நல்லசாமி எட்டிப் பார்த்தார். "பலகை எங்கத்தா?"

"ரோட்டு ஆபீசு தொர புடுங்கிட்டுப் போயிட்டாரு," என்றாள் மகாராணி.

"போனாப் போறாரு. ஸ்டாப்பு இங்கதான கெடக்கு? ஏறுங்க வெரசா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுல்ல," என்றார் நல்லசாமி. மகாராணி ஏறி உட்காரும்வரை வண்டியை அசைக்கவில்லை.

தேவகுமாரி கடைக்குப் போனதும் முதல் வேலையாகத் தன் பக்கத்தைத் திறந்தாள். குத்தூஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அழிக்கப் போறியாம்மா?" என்று கேட்டார். அவள் 'உங்கள் ஊருக்குப் பலகை' என்ற இடத்தில், கம்பம் நடுவதைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரியைத் தட்டினாள்.

'குழியை இடுப்பளவு தோண்டவும். மண் போட்டு மூட வேண்டாம். கான்கிரீட் போடவும்.'