இருபது கறி

தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் சோலைமலை பட்ட கடன் நூற்றுப் பத்து ரூபாய் ஐம்பது சதம். மனைவியின் வைத்தியத்துக்கு வாங்கியது, அவள் பிழைக்கவில்லை. அந்தக் கடனுக்கு ஈடாக மகள் பூரணி மறுநாள் முதல் பள்ளிக்கூடத்தை விட்டுப் பங்களா வேலைக்கு வரவேண்டும் என்பது பேச்சு.

அன்று துரையின் பெட்டியைச் சுமந்துகொண்டு நுவரெலியா ஹோட்டலுக்குப் போனான். சீட்டாட்டத்தில் ஜெயித்த துரை அவனைச் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டார். நீள மேசையில் சோறும் இருபது வகைக் கறியும் ஆவி பறக்க இருந்தன. வேண்டியதை வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம்.

"சோலை, எல்லாக் கறியிலயும் ஒரு கரண்டி தின்னு. இருவதும் முடிச்சா கடன் இல்லே. ஒன்னு மிஞ்சினாலும் மக வரணும்."

மற்ற துரைமார் பந்தயம் கட்டினார்கள்.

பரிமாறுகிற ராசிக் என்பவன் சோலைமலையின் காதோடு சொன்னான்: "அண்ணே, சோத்தைத் தொடாதீங்க. கறிய மட்டும் தின்னாத்தான் இருவதும் எறங்கும்."

"சோறில்லாம வெறுங்கறி திங்க நான் என்னா நரியா?"

மாதக்கணக்கில் ரொட்டியே பிய்த்த கை அது. ஒவ்வொரு கரண்டிக்கும் சோற்றைக் குவித்துப் பிசைந்தான். பன்னிரண்டாவது கறியில் கவளம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"கழுதை, சோத்தாலேயே தோத்துட்டான்!" துரைமார் சிரித்தார்கள்.

காலையில் பூரணி சுட்டுவைத்த ரொட்டியை அவனால் தின்ன முடியவில்லை. வயிறு இன்னும் நிறைந்திருந்தது. அவள் புத்தகங்களை லயத்து வீட்டுக் கூரையிடுக்கில் செருகிவிட்டுப் பங்களாப் படியேறினாள். துரை கணக்குப் புத்தகத்தை எடுத்துச் சோலைமலையின் பெயர்மேல் கோடு கிழித்தார்.

"கடன் சரி," என்றார்.