வளைந்து போகும் ஓடுபாதை

தையற்கடைக்காரியை அந்தத் தெருவில் யாரும் தையற்கடைக்காரி என்று சொல்வதில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு விசிலும் தொங்குவதால் அவள் எல்லாருக்கும் விசிலக்கா. சாயங்காலமானால் மிஷினை மூடி வைத்துவிட்டு, தெருக்கோடி மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குவாள். மைதானம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி முள், பாதி சரளைக்கல். விழுந்த பிள்ளைக்கு முட்டியில் தோல் மிஞ்சாது.

அந்த இடத்துக்கும் வந்தது கேடு. அடுத்த மாதம் முதல் அது கார் நிறுத்துமிடமாம். "அதுக்குள்ள ஏதாவது அரசாங்கத் திட்டம் வந்தா இடம் தப்பிக்கும்" என்று நகராட்சியில் கையை விரித்துவிட்டார்கள்.

விசிலக்கா மனு எழுத உட்கார்ந்தாள். பிள்ளைகளின் பெருமையை மூன்று பக்கம் எழுதியதைப் பார்த்து அவளுடைய அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இது மனுவா, புராணமா? அங்க எவன் ரெண்டாவது வரி படிக்கிறான்? 'ஓடுபாதை வேணும்'னு நறுக்குன்னு எழுதுடி."

அப்படியே எழுதினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. பின்னாலேயே ஓர் அதிகாரியும் வந்தார். வந்தவர் தரையையே பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணித் தொட்டி என்ன உசரம்மா? இறங்கும்போது இடிக்கக் கூடாது பாருங்க."

"எங்க பிள்ளைங்க எவ்வளவு தாவினாலும் அவ்வளவு தூரம் எட்டாதுங்க" என்றாள் அண்ணி.

"பிள்ளைங்களா? நான் விமானத்தைச் சொல்றேன்."

விசிலக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திறக்கப் போனவளின் இடுப்பில் அண்ணி நறுக்கென்று கிள்ளினாள்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி. விமானமோ வெங்காயமோ, இடம் தப்பிச்சாப் போதும்."

"நாளைக்கு விமானம் எங்கேன்னு கேட்டா? உங்க முறத்தைப் பறக்க விடுவீங்களா அண்ணி?" என்று முணுமுணுத்துவிட்டு, அதிகாரியிடம் போட்டு உடைத்துவிட்டாள். "சார், ஓடுபாதைன்னா பிள்ளைங்க ஓடுற பாதை. நாங்க கேட்டது அதுதான்."

அதிகாரி காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலத் துள்ளினார். "அய்யோ! அது விளையாட்டுத் துறையாச்சே. அங்க திட்டம் மட்டும்தான் இருக்கும், பணம் இருக்காது."

"அப்போ அனுமதியைத் திருத்திடுங்க. எங்க தலையெழுத்துப்படி ஆகட்டும்."

"திருத்தினா தப்பு நடந்துச்சுன்னு ஆயிடுமே! எங்க துறையில இதுவரைக்கும் தப்பே நடந்ததில்லம்மா."

முதலில் இறங்கி வந்தது அதிகாரிதான்.

"பாதையைப் போட்டுடலாம். ஆனா ஏதாவது ஓடினதா நான் மேலே எழுதணும். உங்ககிட்ட என்ன இருக்கு?"

"என் பொண்ணு இருக்கா சார்" என்றாள் விசிலக்கா.

"எத்தனை பேர் ஏறலாம்?"

"பத்தாவது படிக்கிற பொண்ணு சார். யாரும் ஏற முடியாது."

"ஆளில்லா ரகம்" என்று எழுதிக்கொண்டார். "எரிபொருள்?"

"ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால்" என்றாள் அண்ணி. "கோபம் வந்தா அதுவும் வேணாம்."

"சரி. நேரா ஒரு பாதை போட்டுடறோம்."

"நேராவா?" விசிலக்கா இப்போது விடுவதாக இல்லை. "நேரா போனா எதிர்த்த கல்யாண மண்டபத்துக்குள்ளதான் சார் போய் நிக்கும். எங்களுக்கு வளைஞ்சு திரும்பணும்."

"விமானப் பாதை வளையாதும்மா!"

"துறையில தப்பே நடக்காதுன்னீங்க. அப்போ நீங்க வளைச்சா அதுவும் சரிதானே?"

அவர் வெகுநேரம் யோசித்து, 'இடக்குறைவு கருதி வளைவு' என்று எழுதினார்.

செந்நிறத் தரை பளபளவென்று போட்டு முடிந்த அன்று, கார் நிறுத்துமிடக் குத்தகைக்காரர் ஆட்களோடு வந்து சத்தம் போட்டார். அதிகாரி எகிறிவிட்டார். "விமானம் ஓடுற இடத்துல காரா? ஜெயிலுக்குப் போகணுமா?" வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

மகள் ஓடத் தொடங்கினாள். இரண்டு சுற்று முடிந்தது. அதிகாரி விசிலக்காவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா... மேலே எப்போ கிளம்பும்?"

"மாவட்டப் போட்டி முடியட்டும் சார்" என்றாள் அவள், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.