அவர் திரும்பி வந்தாரா?

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைத்துச் சட்டத்தில் பொருத்துவது மூத்தவளின் வேலை. நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைத்தால் தனியாகப் பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வந்ததும் அந்த ஊரைப் பற்றித் தன் வலைப்பூவில் எழுதுவாள். தனியாக வரும் பெண்ணுக்கு எந்த விடுதியில் முகம் சுளிக்காமல் அறை தருகிறார்கள், எந்த நிலையத்தில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தங்கைக்கு விளம்பரக் கம்பெனியில் வேலை.

“நல்லாத்தான்க்கா எழுதுற. ஆனா கிணத்துக்குள்ள உக்காந்து கூவுற மாதிரி இருக்கு. பாஸ்வேர்டைக் குடு, நாலு பேர் கண்ணுல படற மாதிரி நான் பண்றேன்.”

பண்ணினாள். தலைப்புகளை மாற்றினாள், படங்களைப் பெரிதாக்கினாள், ஊர் சுற்றும் பெண்களின் குழுக்களில் கொண்டுபோய்ப் பகிர்ந்தாள். முன்பின் தெரியாத பெண்கள், “அந்த விடுதியில நாய் இருக்குமா?” என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். மூத்தவள் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டாள். அவள் முகமே தெளிந்திருந்தது. கொஞ்ச நாளில் அந்தக் கூட்டம் வளராமல் நின்றுவிட, தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

அடுத்த பயணம் ஓர் ஏரிக்கரை ஊருக்கு. விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துக்கொண்டே, “வீட்டுக்காரர் பின்னால வர்றாரா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அறைக்குள் போன மூத்தவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டது தங்கைக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடமும் கடையிலும் அவருக்கு வெளிநாட்டில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அழுகையோடே தங்கைக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். “வீட்ல இருந்தா லிஃப்ட் நிக்கிற சத்தம் கேக்குது. ஒவ்வொரு தடவையும் அவர்தானோன்னு இருக்குடி. அதுக்குப் பயந்துதான் ஊர் ஊரா ஓடுறேன்.”

ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்று, தயாரான கண்ணாடியைக் கொடுக்க முன்னால் வந்தபோது, அதை வாங்க வந்த ஓர் அம்மாள் அவளையே உற்றுப் பார்த்தாள்.

“லிஃப்ட் சத்தம்னு எழுதினது நீங்கதானே? படிச்சிட்டு அழுதுட்டேம்மா. அவர் திரும்பி வந்தாரா?”

கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்கினார். மூத்தவள் பின்னறைக்குப் போய் செல்போனைத் திறந்தாள். வலைப்பூவில் அவள் பெயரில், அவள் படத்தோடு, அவள் எழுதாத ஒரு கட்டுரை. அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே இருந்தன. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஏரியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் நேரே தங்கை வீட்டுக்குப் போனாள்.

“உன்னை நம்பித்தானேடி சொன்னேன்?”

“தப்பா என்னக்கா எழுதிட்டேன்? ஊரைப் பத்தி யார் படிக்கிறா? மனுஷியைப் பத்தித்தான் படிப்பாங்க. எத்தனை பேர் வந்திருக்காங்க பாரு!”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா?”

தங்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள். “காலைலயே கூப்பிட்டாங்க. பக்கத்து வீட்ல யாரோ காட்டிட்டாங்களாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா வேணாம்னுதான சொல்லிருப்ப?”

மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேற்றாள் அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பாள். இவளோ அவள் தோளில் தூக்கி வளர்த்த தங்கை.

மூத்தவள் பாஸ்வேர்டை மாற்றினாள், கட்டுரையை எடுத்தாள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ பரவியிருந்தது. பிறகு மலைப்பாதை ரயிலைப் பற்றி எழுதியபோதும், “அவர் வந்தாரா?” என்றுதான் கேட்டார்கள். அதற்கு எந்தப் பதிலும் வராததால், அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டார்கள். “பெத்தவகிட்ட மறைச்சிட்டியேடி” என்று அம்மாவுக்கு அவள் மேல்தான் கோபம்.

மாதங்கள் கழித்துத் தங்கை வந்தாள். மூத்தவள் டீ போட்டுக் கொடுத்தாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். இருவரும் சிரித்துக்கூடப் பேசினார்கள்.

“அடுத்து எந்த ஊருக்குக்கா?”

“எங்கயும் இல்ல. கடையில வேலை ஜாஸ்தி.”

தங்கையை வாசல்வரை வந்து வழியனுப்பினாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மாலை ரயிலுக்குத் துணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.