எல்லாம் ஒரே தண்ணி

எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டான். பழக்கத்தில் மூன்று தம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தான். குளிர்பெட்டியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை அவற்றின் நடுவே செருகினான்.

வாசலில் மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'அவரத் தனியா விட்டுடாதம்மா'ன்னா. அதுக்காகத்தான் இங்கயே கிடக்கேன்."

அவன் மனைவி இறந்த அன்று மாமியார் ஊரிலேயே இல்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தபோது வீட்டில் யாருமே இல்லை. அவன் திருத்தவில்லை. பெற்ற வயிறு. எதையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்.

"மாப்ள, இன்னிக்காச்சும் அந்தத் தண்ணியப் பிடிச்சுடுவீங்களா? கிணத்துல வாளிய விட்டா சுண்ணாம்புக் கரைசல் மாதிரில்ல வருது."

"பிடிச்சுடுறேன் அத்தை."

கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீர் குழாய் வழியாக ஓடையில் விழுகிறது. ஓடையை நம்பித்தான் அவர்கள் தெருக் கிணறு. ஆனால் அவன் வண்டி குவாரி வாசலில் திரும்பும்போதே தண்ணீர் இறைக்கும் மோட்டார் மூச்சை அடக்கிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தெளிந்த ஓடைத் தண்ணீரைத்தான் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறான். இந்த முறையும் அப்படியென்றால் புகாரை முடித்துவிடலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

"வாங்க சார்!" என்றார் குவாரி மேலாளர். "உங்க ராசி, மோட்டார் மறுபடி படுத்துடுச்சு. பாலத்துக்கிட்ட எடுத்துக்குங்களேன். எல்லாம் ஒரே தண்ணிதான?"

பாலம் குழாய்க்கு மேற்புறம், குவாரித் தண்ணீர் சேராத இடத்தில் இருந்தது.

"படுத்தது எழுந்திருக்கட்டும். இருக்கேன்."

குழாயின் வாய்க்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தான். முன்பெல்லாம் கிளம்பிவிடுவான். வீட்டில் ஒருத்தி சாப்பிடாமல் காத்திருப்பாள். இப்போது எந்த அவசரமும் இல்லை.

"வெயில்ல கருகிடுவீங்க சார்."

"பரவால்ல."

"வீட்ல தேட மாட்டாங்க?"

குவாரிக் காவலாளி மேலாளரை முழங்கையால் இடித்தார். மேலாளர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பள்ளத்தின் அடியில் ஊற்று இருந்தது. இறைக்காமல் விட்டால் தண்ணீர் ஏறும் என்பது இருவருக்குமே தெரியும். நிழல் சாய்ந்தது. அவன் எழவில்லை. கீழே பாறை அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநர் கத்தினார்.

"அண்ணே! மோட்டாரப் போடுறீங்களா, இல்ல இந்த மிஷினுக்கு நீச்சல் கத்துக் குடுக்கவா?"

மேலாளர் அவனைப் பார்த்தார். அவன் குழாயைப் பார்த்தான்.

மோட்டார் இருமிக்கொண்டு எழுந்தது. குழாய் இரண்டு முறை காற்றைத் துப்பியது. பிறகு வந்தது, பால் போல, கல்மாவு கரைந்த தண்ணீர்.

அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசிக் கொட்டினான். குமிழ் நிற்காமல் தளும்பத் தளும்பப் பிடித்தான். விரல்களில் வெள்ளை ஒட்டியது. மூடியைத் திருகினான். கவிழ்த்துப் பார்த்தான். சொட்டவில்லை. ஆனாலும் இன்னொரு தரம், உள்ளங்கை சிவக்கத் திருகினான்.

அவள் இறந்த அன்று காலையும் இப்படித்தான் பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். வாயில் பற்பசை நுரையோடு எட்டிப்பார்த்தாள். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்.

"மூடிய நல்லாத் திருகு. போன தடவ மாதிரி பையெல்லாம் நனச்சுட்டு வந்து நிக்காத."