தாராக்கள் சாப்பிடும் நேரம்

"குளத்துப் பக்கமாப் போகச் சொல்லு மகன்," என்றாள் ஆஸியா உம்மா, மையத்து வேனுக்குள் ஏறி உட்கார்ந்ததும்.

அமான் முன் இருக்கையிலிருந்து திரும்பினான். "அந்த வழியாத்தான் போறோம் உம்மா. ஆனா நிப்பாட்ட ஏலா. வாப்பாவக் குளிப்பாட்ட ஆள் வந்து ஊட்டுல காத்துட்டு இரிக்கி. இஷா தொழுகைக்குப் பொறகு அடக்கம்னு பள்ளிவாசல்ல சொல்லியாச்சி."

அவள் நிறுத்தச் சொல்லவே இல்லை. மகனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

புருஷன் சாஹுல் ஹமீது வெள்ளைத் துணிக்குள் அவள் பக்கத்தில் கிடந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. கையெழுத்து, முத்திரை என்று எல்லாம் முடிந்து உடலைக் கொடுக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திகனயில் இருந்த கடையை மகன் கையில் விட்ட பிறகு மனுஷனுக்கு ஒரே வேலைதான். அஸர் தொழுதுவிட்டு பஸ் ஏறிக் கண்டிக்கு வருவார். குளத்துக் கரையில் உட்கார்ந்து, தாரா என்று ஊர் சொல்லும் காட்டு வாத்துகள் இரை தின்பதைப் பார்ப்பார். இரை போடுவதுகூடக் கிடையாது, சும்மா பார்ப்பது. அதற்கென்று பஸ் ஏறிய ஆளைத் திகன ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

இரவு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் கதை தொடங்கும்.

"பகலெல்லாம் சும்மா மெதக்குதுகள் ஆஸியா. பொழுது சாஞ்சாத்தான் வாய் வெக்கிதுகள். நம்மள மாதிரி நோன்பு புடிக்கிதுகள். ஆனா பள்ளியில பாங்கு சொல்ல முந்தியே தொறந்துடுதுகள்!"

"தாராட நோன்பு கெடக்கட்டும். ஒங்கட சோறு ஆறுது."

"நீயும் ஒரு நாளைக்கி வாயேன்."

"பாப்போம்."

பாப்போம் என்றால் வரமாட்டேன் என்று பொருள். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி அவள் காதில் விழும், மீதி சட்டிபானைச் சத்தத்தில் போய்விடும்.

இப்போது அவளுக்குப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் போய்விட்டால் இத்தா, புருஷன் போனவள் இருக்க வேண்டிய தனிமை. மாதக்கணக்கில் வாசல் தாண்ட முடியாது. அது முடிந்த பிறகு மட்டும் தாரா பார்க்க அவளை யார் கூட்டிவரப் போகிறார்கள்? வாய்விட்டுக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. புருஷனை ரோட்டில் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாளாம் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வேன் குளத்து ரோட்டில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் நின்றது. முன்னால் பஸ்கள் நெருக்கியடித்து நின்றன. டிரைவர் ஹோன் அடித்தான். ஒன்றும் அசையவில்லை. அமான் பெருமூச்சு விட்டான். ஆஸியா உம்மா மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். சொன்ன கையோடு பயந்தும் போனாள். மையத்து தாமதமாவதற்கு யாராவது அல்லாஹ்வைப் புகழ்வார்களா?

வெள்ளைத் தாள் ஒட்டிய கண்ணாடியை விரலளவு தள்ளினாள்.

அங்கேதான் இருந்தன. இவ்வளவு சின்னதா! தவிட்டு நிறத்தில், கரைமர நிழலில், ஒரு கூட்டம். ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொன்று முழுசாக மூழ்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்தது.

அவள் குனிந்து, துணிக்கு மேலாக அவர் காதருகே சொன்னாள்.

"நோன்பு தொறந்துட்டுதுகள். இன்னம் பாங்கு சொல்ல இல்ல."

மறுபடி வெளியே பார்த்தாள்.

"ஒண்ணு கவுந்து நிக்கிது, காலு மட்டும் ஒதைக்கிது. இன்னொண்ணு வாயில பச்சையா என்னமோ கொடி வெச்சிரிக்கி. பக்கத்துல உள்ளது புடுங்கப் பாக்குது. குடுக்க மாட்டேங்குது."

டிரைவருக்கு மேலிருந்த கண்ணாடியில் உம்மாவின் உதடு அசைவதை அமான் கண்டான்.

"ஓதுங்க உம்மா. ஓதிட்டே வாங்க," என்றான். டிரைவரிடம், "ஹோன் அடிக்க வாணாம்," என்றான்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒன்று மட்டும் தின்னவில்லை. கழுத்தை நிமிர்த்திக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவை மூழ்கின, எழுந்தன, விழுங்கின. அது குனியவே இல்லை.

"ஒண்ணு காவலுக்கு நிக்கிது. இத நீங்க சொன்னதே இல்லயே."

சொல்லியிருப்பார். அவரா சொல்லாமல் இருந்திருப்பார்? அவள்தான் கேட்கவில்லை.

"அப்ப அது எப்ப திங்கிறது?"

வேன் நகர்ந்தது. பக்கத்தில் ஒரு பஸ் ஏறி வந்து குளத்தை மறைத்தது.

"கொஞ்சம் இரிங்க, பாத்துச் சொல்றேன்," என்றாள் அவரிடம். கரை முடிந்து கடைகள் தொடங்கும்வரை அந்த விரலளவு இடைவெளியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.