வியாழக்கிழமைக் குரல்

பழைய ரேடியோ என்றாலே உருகிப்போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பழைய வானொலி நேயர் மன்றத்தில் இருபது பேர் இருக்கிறார்கள். இருபது பேரும் அப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் நூலக மாடியில் கூடி, ஒரு வால்வு ரேடியோவைத் துடைத்து வைத்து, அது சூடாகிக் கரகரப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். "அதெல்லாம் பொற்காலம் சார்" என்பார்கள். அந்தப் பொற்காலத்தில் மூன்று வருஷம் போர் நடந்தது என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

எனக்கு அங்கே மரியாதை அதிகம். முப்பத்தோரு வருஷம் வானொலி நிலையத்தில் சத்தம் போட்டே சம்பளம் வாங்கியவன் நான். நாடகத்தில் கதவு திறந்தால் அது நான். குதிரை ஓடினாலும், மழை கொட்டினாலும் நான்தான். 'சத்தக்காரர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். என் மனைவியும் இருந்தவரைக்கும் அப்படித்தான் சொன்னாள், அவள் சொன்ன அர்த்தம் வேறு.

அன்றைக்கு மன்றத் தலைவர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், முகமெல்லாம் பல்லாக வந்தார். கூடவே ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அச்சகத்தில் புரூஃப் திருத்தும் வேலையாம். பையில் சிவப்புப் பென்சில் செருகியிருந்தது.

"சார், இந்தம்மா எங்கெங்கயோ தேடி ஒரு டேப்பைக் கண்டுபிடிச்சிருக்காங்க. போர்க்கால ஒலிபரப்பு. நிலையத்துக்காரங்களே தூக்கிப் போட்டது!"

டேப் ஓடியது. எனக்குத் தெரிந்த குரல். எங்கள் செய்தி வாசிப்பாளருடையது. அவர் செத்துப் பதினெட்டு வருஷமாகிறது. "இன்று வியாழக்கிழமை. ஆற்றுப் பாலத்தை நம் வீரர்கள் முப்பத்திரண்டு பேர் நான்காவது நாளாகக் காத்து நிற்கிறார்கள். இதோ, அங்கிருந்தே கேளுங்கள்."

துப்பாக்கிகள் படபடத்தன. பீரங்கி ஒன்று உறுமியது. தண்ணீர் அலம்பியது. எங்கோ தூரத்திலிருந்து ஒரு ஆண் குரல், அடிவயிற்றிலிருந்து வந்தது: "பாப்பா!"

பல் வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  அந்தத் துப்பாக்கி நான். பீரங்கி நான். ஆறும் நான்தான்.

"அது எங்கப்பா சார்" என்றார் அந்தப் பெண். "பாப்பான்னு கூப்பிட்டது என்னைத்தான். அப்ப எனக்கு அஞ்சு வயசு. ரேடியோ பக்கத்துல உக்காந்து விளையாடிட்டிருந்தேன். கூப்பிட்டதும் 'என்னப்பா?'ன்னு பெட்டியைப் பார்த்துக் கேட்டேனாம். அம்மா என்னைத் தூக்கிட்டு வீடெல்லாம் சுத்தினாங்களாம், அவர் உயிரோட இருக்காருன்னு."

அவர் உயிரோடு வரவில்லை. வெள்ளிக்கிழமை பாலம் எதிரி கையில் இருந்தது. வியாழன் இரவு முப்பத்திரண்டு பேரும் உத்தரவில்லாமல் இடத்தை விட்டு ஓடிவிட்டார்கள் என்று ராணுவம் எழுதி வைத்தது. ஓடிப்போனவன் பெண்டாட்டி, ஓடிப்போனவன் மகள் என்றே அந்த இரண்டு பேரும் வாழ்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தால், "இவளை யாரும் ஜெயிக்க முடியாது, பரம்பரை ஓட்டம்" என்று டீச்சரே சிரித்தாராம்.

"அம்மாவுக்கு எண்பத்திரண்டு ஆகுது. கண்ணை மூடறதுக்குள்ள அந்தப் பேர் போகணும். ராணுவத்துக்கு மனு போட்டிருக்கேன். இப்படி உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டவர் அன்னிக்கு ராத்திரியே ஓடுவாரான்னு கேட்டிருக்கேன். இது பாலத்துல எடுத்த பதிவுதான்னு நிலையத்துல வேலை பார்த்தவங்க யாராவது எழுதிக் கொடுத்தா, கோப்பைத் திரும்பப் பார்க்கறோம்னு சொல்லியிருக்காங்க. அப்ப இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் சார் பாக்கி."

இருபது தலையும் என் பக்கம் திரும்பின. "சனிக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அது புதன்கிழமை எடுத்த பதிவு. எடுத்த இடம் எங்கள் நாடக ஸ்டூடியோ. உள்ளே நாலே பேர்: ஒரு ராணுவ அதிகாரி, செய்தி வாசிப்பாளர், ஒலிப்பதிவுப் பொறியாளர், நான். தோல் மெத்தையைப் பிரம்பால் அடித்தால் துப்பாக்கி. பெரிய தகரத் தகட்டை உலுக்கினால் பீரங்கி. தொட்டித் தண்ணீரைக் கையால் அளைந்தால் ஆறு. நான் அதில் கெட்டிக்காரன், பொய்யடக்கம் எனக்குக் கிடையாது.

அன்று காலைதான் என் இரண்டு வயது மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான்கு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேரம் விடுங்கள், பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பதிவு முடியாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்த தாளில் 'தூரத்தில் ஒரு வீரனின் குரல்' என்று மட்டும் இருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. நடிகர்களை உள்ளே விடாததால் நானே மைக்குக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரைப் பார்த்துக் கத்தினேன். என் வாயில் வந்தது அது ஒன்றுதான்.

பெண் குழந்தை இருக்கிற வீட்டிலெல்லாம் ஒரு பாப்பா இருப்பாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பாக இருந்தது. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: கையெழுத்துப் போட்டுவிடுவது. ஐம்பத்து மூன்று வருஷம் மென்று விழுங்கியதை இப்போது துப்பி யாருக்கு என்ன லாபம்? அந்தக் கிழவி நிம்மதியாகப் போகட்டும். இதைக் கருணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பயம். மன்றத்தில் இருபது பேர் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற அற்பமான பயம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். தட்டச்சு செய்த தாளை மேஜையில் விரித்தார். 'மேற்படி பதிவு பாலத்தில் நேரடியாக எடுக்கப்பட்டதே என உறுதி கூறுகிறேன்.' ஒரு பிழை இல்லை, புரூஃப் திருத்துகிறவர் எழுதியதாயிற்றே. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார்.

பேனாவை எடுத்தேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. சட்டைப் பையைத் தடவினேன், கண்ணாடி இல்லை. என் மகள் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. ஆனால் வீட்டில் அழைக்கிற பெயர் மாறுமா? எப்போதும் கூப்பிடுகிறபடி, பின்கட்டுக்கு எட்டும்படி குரலை உயர்த்திவிட்டேன்.

"பாப்பா!"

"என்னப்பா?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

எதிரில் இருந்தவர் தாளைக் கையால் மூடினார்.  அந்த டேப்பை அவர் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாரோ. குரல் கிழடு தட்டியிருந்தாலும் அந்தப் 'பா'வை நான் இழுக்கிற இழுப்பு அதேதான்.

"இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றார்.

"வேணாம்மா."

"கூப்பிடுங்க சார்."

 மகள் கண்ணாடியோடு வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அதை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிரம்பு, தகரம், தொட்டி, ஆஸ்பத்திரி. அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலை பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாகக் கேட்டார்.

"ஏன் ஸ்டூடியோல எடுத்தாங்க? பாலத்துக்கே ஆள் அனுப்பியிருக்கலாமே."

"பொறியாளரும் அதைத்தான் கேட்டார். அதுக்கு அந்த அதிகாரி, 'அங்க போய் யாரை எடுக்கறது? நேத்து செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிஞ்சு போச்சு. முப்பத்திரண்டு பேரும் போயிட்டாங்க. ஒருத்தன்கூட இடத்தை விட்டு நகரலை'ன்னார்.  அப்புறம், இது வெளிய தெரிஞ்சா நாலு பேரும் ஜெயில்ல இருப்போம்னார்."

அவர் சிவப்புப் பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார். 

"செவ்வாய்க்கிழமை செத்தவங்க வியாழக்கிழமை ராத்திரி எப்படி சார் ஓடினாங்க?"

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் விடவில்லை.

"நீங்க வியாழக்கிழமை அவங்களை உயிரோட காட்டினீங்க. வெள்ளிக்கிழமை பாலம் நம்ம கையில இல்லை. நடுவுல ஓடித்தானே ஆகணும்? உங்க சத்தத்துக்குப் பொருத்தமா அவங்களை ஓட விட்டிருக்காங்க." முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "ஓடிட்டாங்கன்னு பேப்பர்ல வந்ததே, நீங்க படிக்கலையா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு?"

"மடிச்சு வெச்சேன்."

 அந்த வாரம் என் மகளுக்குக் காய்ச்சல் விட்டு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

தட்டச்சுத் தாளைக் குறுக்கே அடித்துவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். நான் நடந்ததை எழுதினேன். வாங்கிப் படித்து இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தி, நல்ல படியாக இன்னொரு தரம் எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடித்துப் பையில் வைத்தார்.

வாசலில் செருப்பை மாட்டும்போது கேட்டேன்: "அம்மாகிட்ட...?"

"உத்தரவு வந்தா உத்தரவைக் காட்டுவேன். குரலைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். தினமும் சாயங்காலம் அதைத்தான் போடச் சொல்லிக் கேக்கறாங்க."

"உத்தரவு வந்ததும் அவங்களை ஒரு தடவை வந்து பார்க்கட்டுமா?"

இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். "வாங்க. ஆனா எங்க வீட்டுல வாயைத் திறக்காதீங்க."

ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. 'செவ்வாய்க்கிழமை, பணியில் இருந்த இடத்திலேயே உயிர்நீத்தார்' என்று திருத்தியிருந்தார்கள். மன்றத்தில் விஷயம் பரவி, பல் வைத்தியர் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். நான் அந்த வீட்டுக்குப் போனேன்.

சுவரில் உத்தரவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதன் கீழே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கைகூப்பினேன். "யாரும்மா இது?" என்று கேட்டார். "நமக்காக எழுதிக் கொடுத்தவர். அவருக்குத் தொண்டை சரியில்லை, பேசமாட்டார்" என்று சொல்லிவிட்டு மகள் சமையலறைக்குப் போனார்.

"தேதியைத் தப்பாப் போட்டிருக்காங்க" என்றார் அந்த அம்மா, உத்தரவைக் காட்டி. "செவ்வாய்க்கிழமையாம். எனக்குத் தெரியாதா? போகட்டும், பேரைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க, அது போதும். வியாழக்கிழமை அவர் பேசினதை நீங்க கேட்டதில்லையே? இருங்க, போடறேன்."

பக்கத்து மேஜையிலிருந்த டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். பிரம்படி கேட்டது. தகரம் அதிர்ந்தது. தொட்டித் தண்ணீர் அலம்பியது. அந்த அம்மா கையை உயர்த்தி, இதோ வருகிறது என்று எனக்குச் சைகை காட்டினார்.

"பாப்பா!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்த அம்மா கதவுப் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் அப்படிக் காத்திருப்பார் போலிருக்கிறது.

"என்னப்பா?" என்றார் மகள் உள்ளேயிருந்து.

நான் வாயைத் திறக்கவில்லை.