அண்ணியின் மாதப் பாஸ்

“என் மூஞ்சியப் பாத்தா வெளிநாட்டுக்காரன் மாதிரியா இருக்கு? ஐசி வீட்டுல இருக்குன்னு எத்தன தடவ சொல்றது?”

“மூஞ்சிய வச்சுப் பாஸ் குடுக்கலண்ணே. மாசப் பாஸ் குடிமக்களுக்கு மட்டும்தான். கூடவே ஐசியும் காட்டணும்.”

“டேய், உங்கப்பன் கல்யாணத்துல பந்தி பரிமாறினவன்டா நான்!”

“அப்ப எங்கப்பாவையே சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னிக்கு முழு டிக்கெட் எடுங்கண்ணே, பின்னால ஆளுங்க இருக்காங்க.”

மலேசியாவின் கெடா மாநிலத்தில், ஜித்ராவிலிருந்து அலோர் ஸ்டார் போகும் காலை பஸ். ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாமல் முன்சீட்டில் சத்தம் போட்டவர் காய்கறி வியாபாரி இருளப்பன். பரிசோதகர் காளிதாசன் அடுத்த வரிசைக்கு நகர்ந்தான். ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பிரேமாவதி பாஸை உள்ளங்கைக்குள் மறைத்தாள்.

அவள் கையிலிருந்த பாஸ் அவளுடையது இல்லை. அண்ணி குணசுந்தரியின் பெயரில் எடுத்தது. பிரேமாவதி பாலிங் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். பிறப்பைப் பதியப் போனபோது அம்மாவிடம் ஐசி இல்லை, அப்பா யாரென்று எழுதவும் திருமணப் பத்திரம் இல்லை. நாற்பத்தொன்பது வயதாகியும் அவளுக்குச் சிவப்பு ஐசிதான்; நாட்டில் தங்கலாம், குடியுரிமை கிடையாது. தினமும் டிக்கெட் எடுத்தால் அலோர் ஸ்டார் கேன்டீன் வேலையில் வரும் சம்பளத்தில் பெரும்பங்கு பஸ்ஸுக்கே போய்விடும். “நான் எங்க பஸ்ல போறேன்? என் பேர்ல எடுத்துக்க, ஒரே குடும்பம்தான” என்று அண்ணி சொன்னபோது தப்பாகவே தோன்றவில்லை. வீட்டில் சைக்கிள், செருப்பு, குடை எல்லாம் அப்படித்தானே கை மாறும்.

இப்போது தோன்றியது. அடுத்த புதன்கிழமை குடியுரிமை மனுவுக்கு நேர்காணல். ஏழு வருடம் காத்திருந்து வந்த கடிதம். இந்த நேரத்தில் ஒரு கேஸ் விழுந்தால்?

மணியை அமுக்கி இறங்கிவிடலாமா? எழுந்தாள். அதற்குள் காளிதாசன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, பாஸ்.”

நீட்டினாள்.

“ஐசி?”

கைப்பையைத் துழாவுவதுபோல் துழாவினாள். அண்ணியின் முகம் அவள் முகம் மாதிரியே இருக்கும் என்று ஊரே சொல்லும். வீட்டில் விட்டுவிட்டேன் என்றால் இருளப்பனைப் போல டிக்கெட்டோடு போய்விடும். ஆனால் வாய் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

“தம்பி, இது எங்க அண்ணியோடது.”

சிவப்பு ஐசியைக் கொடுத்தாள். காளிதாசன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? பாஸ நான் எடுத்துக்கணும், உங்க பேரையும் எழுதிக்கணும். டிக்கெட் எடுங்க.”

“எடுக்கிறேன் தம்பி. பேர மட்டும் எழுதாத. புதன்கிழமை எனக்கு சிட்டிசன் இன்டர்வியூ.”

அவன் பேனா நின்றது. பஸ் கூரையிலிருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

“எழுதலன்னா என் வேலை போயிடும்க்கா.”

எழுதினான். ஐசி எண்ணையும் சேர்த்து.

முன்சீட்டிலிருந்து இருளப்பன் திரும்பினார். “நம்ம ஊர்ப் பொண்ணுக்கே சிவப்பா? என்ன லா இது!”

“அண்ணே, மெதுவா பேசுங்க” என்றாள் பிரேமாவதி. பஸ்ஸே அவளைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“தம்பி, இது இன்டர்வியூ ஆபீசுக்குப் போகுமா? மனுவக் கெடுத்துடுமா?”

“சத்தியமா தெரியாதுக்கா. எங்க ஆபீஸ்ல ஃபைல்ல கெடக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அலோர் ஸ்டாரில் இறங்கியதும் வேலைக்குப் போகாமல் நிறுத்தத்திலேயே நின்று அண்ணிக்கு போன் போட்டாள். “நேர்காணல்ல நீயா சொல்லிடு” என்றாள் அண்ணி. பக்கத்திலிருந்த அண்ணன் போனைப் பிடுங்கி, “வாயே திறக்காத, கேட்டா பாத்துக்கலாம்” என்றார். இருவருமே பயத்தில்தான் பேசினார்கள்.

புதன்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பதென்று பிரேமாவதி இன்னும் முடிவெடுக்கவில்லை. படிக்கிற உங்களில் சிவப்பு ஐசியோடு நேர்காணலுக்குப் போய் வந்தவர்கள் இருப்பீர்கள். அவள் தானாகவே சொல்ல வேண்டுமா, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டுமா? நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.